மூன்று விரல்

“ஏலே ஜெர்வின், வாயத் தெற. மூணு விரல ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி உள்ள விடு.”

கேப்டன் ஷாநவாஸ் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான். ராஜபாளையம் கபடி டீமில் கோபத்துக்குத் தனியாக ஆள் தேவையில்லை. அரையிறுதியில் ஜெயித்த அன்றுகூட, எல்லோரும் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்க, சால்னாவை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனவர்.

ஜெர்வினின் வாய்க்குள் இரண்டு விரல்கள் போயின. மூன்றாவது விரல் பல்லில் இடித்தது.

“நாளைக்கு ஃபைனல்ல நீ இல்ல.”

“எதுக்குண்ணே?”

“ஒதட்டுக்குள்ள பொகையிலப் பொட்டலம் அதக்குதேல்ல, அதுக்கு. வாய் இறுக ஆரம்பிச்சிருச்சு ஒனக்கு. பல் டாக்டர்ட்ட காட்டிட்டு வா. பொறவு ஆடலாம்.”

“ஃபைனல் நாளைக்குண்ணே!”

“டாக்டர் இன்னைக்கே இருக்காரு.”

ஜெர்வின் வெடித்தான்.

“மாட்டுச் சந்தையா நடத்துதீக, பல்லப் பிடிச்சுப் பாக்க? காலப் பாருங்க, மூச்சப் பாருங்க! நாளைக்கு ஃபைனல் பாத்து மாவட்ட டீமுக்கு ஆளெடுக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாராக. இதுக்குத்தான் ரெண்டு வருசமா ஓடுதேன். டீமுல பாதிப் பேரு வாயில பொட்டலம் கெடக்கு. என்னைய மட்டும் ஏன் பிடிக்கீக?”

“அவனுகளுக்கு மூணு விரலும் உள்ள போச்சு. அவனுகளையும் விடப்போறதில்ல.”

“தெரியும்ணே! ரெய்டு போயிட்டிருந்தவரு திடீர்னு நிறுத்திட்டீக. இப்ப நான் கபடி பாடிட்டுப் போனா ஒங்களுக்கு வயிறு எரியுது!”

டீமில் ஒருவனான மெல்வின் குறுக்கே வந்தான். “விடுங்கண்ணே. சின்ன விசயத்துக்கு எதுக்கு இம்புட்டுக் கோவம்?”

“எனக்கு ஒரு கோவமும் இல்லலே” என்றார் ஷாநவாஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

மொத்த டீமும் சிரித்தது. ஜெர்வின் மட்டும் சிரிக்கவில்லை.

“பெரிய டாக்டரு! ஊரு வாயெல்லாம் அளக்கீகளே, மொதல்ல ஒங்க வாயில மூணு விரல விட்டுக் காட்டுங்க பாப்போம்!”

ஷாநவாஸ் மூன்று விரல்களை அடுக்கவில்லை. சுண்டுவிரலை மட்டும் வாய்க்குக் கொண்டுபோனார். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் அதுகூட நுழையவில்லை.

“எனக்குச் சால்னா மட்டுந்தாம்லே உள்ள போவுது.”