கையெழுத்துப் போடும் இடம்

“பிரஷர் நூத்தி அறுபதைத் தாண்டிடுச்சு. இனிமே வலிக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆபரேஷன் பண்ணிடலாம்,” என்றாள் இளம் டாக்டர்.

நிறைமாதக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். “இன்னும் ரெண்டு மணி நேரம் பார்க்கலாமே. சுகப்பிரசவம் ஆகிடும்னு தோணுது.”

“காலையிலேர்ந்து இதையேதான் சொல்றீங்க. தலைவலி வேற ஆரம்பிச்சிருக்கு. வலிப்பு வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து.”

“டாக்டர் சொல்றதைக் கேளேன்,” என்று கெஞ்சினான் கணவன்.

“டாக்டருங்க எப்பவும் இப்படித்தான் பயமுறுத்துவாங்க,” என்று முணுமுணுத்தாள்.

திடீரென்று அவள் கண்ணுக்கு ஜன்னல் கம்பிகள் மங்கலாயின. கட்டிலில் உட்கார்ந்து, சம்மதப் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அதைப் பார்த்த இளம் டாக்டர் தயங்கினாள்.

“மேடம், பழக்கத்துல டாக்டர் போடற இடத்துல போட்டுட்டீங்க. இன்னைக்கு நீங்க கீழே, நோயாளி இடத்துல போடணும்.”