கொட்டிய கஞ்சி

"மாவா விக்கிறா அவ? விஷத்தை இல்ல விக்கிறா!"

பட்டம்மாள் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

உள்ளே அவள் தம்பி பெண்டாட்டி சௌந்தரம், எட்டு மாதப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. குடித்ததெல்லாம் வாந்தி. கண் உள்ளே போய்விட்டது. அழக்கூடத் தெம்பில்லை. நர்சம்மாவைக் கூட்டிவர ஆள் போயிருந்தது.

"இன்னா குடுத்தே?"

"கேவுரு கஞ்சிதான் அண்ணி. அக்தரி அக்கா மாவுல காச்சினது."

"அப்ப மாவுதான். மாவு இல்லேன்னா நீதான்! மூத்ததை அம்மை வாரிக்கிட்டுப் போச்சு. இதுக்கு உன் கையால ஏதாவது ஆச்சுன்னு தெரிஞ்சுது, பிள்ளைய இங்க வெச்சுக்கிட்டு உன்னை உன் அம்மா வீட்டுக்கு, விரிஞ்சிபுரத்துக்கே வண்டி ஏத்திடுவேன். என் தம்பி சும்மா இருந்தாலும் நான் இருக்க மாட்டேன்!"

இது அடுத்த சந்து வரைக்கும் கேட்டது. சௌந்தரம் பிள்ளையை இன்னும் இழுத்து அணைத்துக்கொண்டாள். நாத்தனார் பேச்சுக்கு அவள் எதிர்ப்பேச்சு பேசியதே கிடையாது.

அடுத்த சந்தில்தான் அக்தரி பேகம் இருந்தாள். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக் குழந்தைகளுக்கு மாவு விற்பவள். ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் பாதி அந்த மாவில்தான் பல் முளைத்தது.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேகம் ஓடி வந்தாள்.

"பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

பிள்ளையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நேரே அடுப்பங்கரைக்குப் போய், உறியில் இருந்த கஞ்சிச் சட்டியை இறக்கி மூடியைத் திறந்தாள். ஒரு நிமிஷம்தான். சட்டியைப் பின்வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள். சாம்பலைப் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவியும் வைத்துவிட்டாள்.

"பாத்தீங்களா! நர்சம்மா வர்றதுக்குள்ள கொட்டிட்டா!" பட்டம்மாள் ஊரைக் கூட்டினாள். "குத்தம் இல்லாதவ எதுக்குக் கொட்டணும்?"

அதற்குள் ஜட்கா வந்து நின்றது. மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் கிரேஸி இறங்கி வந்து, பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"குடிச்ச கஞ்சியில மிச்சம் இருக்கா? நான் பாக்கணும்."

"இல்லீங்க. நான் கொட்டிட்டேன்" என்றாள் பேகம். "மாவு என்னுது. சரியாக் காயல, நமுத்துப் போச்சு. தப்பு என்னுதுதான்."

"ஒத்துக்கிட்டாளே!"

"இன்னா நெஞ்சழுத்தம் பாரு!"

நர்சம்மா எல்லாரையும் வெளியே அனுப்பினார். கொதிக்கவைத்து ஆறிய வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது என்றார்.

பேகம் போகும்போது கதவோரம் நின்றாள்.

"சௌந்தரம், இனிமே எந்த மாவா இருந்தாலும் ஒரு வேளைக்கு வேணுங்கறதை மட்டும் காச்சு. மிச்சம் ஆனா நீ குடி. பிள்ளைக்கு எடுத்து வெக்காதே. கேட்டியா?"

"செய்யறதையும் செஞ்சுட்டு, புத்தி வேற சொல்றியா பாயம்மா? போ, போ!"

மறுநாள் மத்தியானம் பிள்ளை பட்டம்மாள் மடியை நனைத்தது.

"ஐயோ, என் புடவை!" என்று கத்தியவள், அடுத்த நொடி அதே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூத்திரம் போய்ட்டான் இல்ல, இனி பயமில்லே" என்று திரும்பப் பார்க்க வந்த நர்சம்மா சிரித்தார். அன்றைக்குத்தான் சௌந்தரத்துக்குச் சோறு இறங்கியது.

பத்து நாளில் பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டான்.

"அந்தப் பாழாப்போன மாவு இன்னும் எதுக்கு வீட்டுல? கொண்டுபோய் அவ மூஞ்சியிலயே விட்டெறிஞ்சுட்டு வா" என்று பட்டம்மாள் அனுப்பினாள்.

சௌந்தரம் மாவு டப்பாவோடு போனபோது பேகத்தின் வீட்டில் வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை. பேகம் தன் கைக்குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் கன்னமெல்லாம் கேழ்வரகு.

"அக்கா, இந்தக் கஞ்சி..."

"உனக்குக் குடுத்தேனே, அதே மாவுதான். ஒரே நாள் அரைச்சது."

"நமுத்துப் போச்சுன்னீங்களே! உங்க பிள்ளைக்கே குடுக்கறீங்க?"

பேகம் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"மாவுல ஒண்ணுமில்லே. அந்தச் சட்டியில இருந்தது முந்தின நாள் கஞ்சி."

சௌந்தரம் டப்பாவைக் கீழே வைத்தாள். "அவருக்குக் கூழு புளிக்க வெக்கறப்ப அதையும் பக்கத்துலயே மூடி வெச்சேன் அக்கா. புளிச்சாத்தான் பலம்னு... மண்டியில சுண்ணாம்புத் தொட்டியில நாளெல்லாம் நிக்கிறாரே, அதைக் குடிச்சுட்டுத்தானே..."

"தெரியும். மூடியைத் திறந்ததுமே மூக்குல ஏறிச்சு. நர்சம்மா மூக்குல ஏறியிருந்தா, உன் நாத்தனார் காதுக்குப் போயிருக்கும்."

"எனக்காகவா அக்கா? இப்ப உங்ககிட்ட ஒருத்தரும் மாவு வாங்கறதில்லையே!"

பேகம் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"வாங்கறவங்க அடுத்த மாசம் தானா வந்துடுவாங்க, சௌந்தரம். விரிஞ்சிபுரத்துக்கு வண்டி ஏத்திட்டா, உன்னை யாரு திரும்பக் கூட்டிட்டு வர்றது?"