சத்தம் வேண்டாத வீடு

“சவுண்ட் கார்டைக் கழட்டி விடுங்கோ நானா. பிரிண்டர் வேலை செய்தால் எனக்குக் காணும்,” என்றாள் ஜெகதீஸ்வரி.

ராசிக் வெள்ளவத்தையில் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவன். பாமன்கடையிலிருந்த இந்த வீட்டுக்கு அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தான்.

பிரிண்டரில் ஒரு கடிதம் பாதியில் நின்றுபோயிருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் ராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன அவளுடைய கணவன் வரதராசாவைப் பற்றிக் கேட்டு அதிகாரிகளுக்கு எழுதியது. கிழமைக்கு நாலைந்து கடிதமாவது அனுப்புவதாகச் சொன்னாள்.

மூடியைத் திறந்து பார்த்தான். பெரிய கோளாறு இல்லை. பிரிண்டருக்கும் சவுண்ட் கார்டுக்கும் ஏழு என்ற ஒரே இலக்கம் கொடுக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள, கம்பியூட்டர் அசையாமல் நின்றுவிடுகிறது.

“கழட்டத் தேவல்ல தங்கச்சி. கார்டுக்கு அஞ்சாம் நம்பரக் குடுத்தா ரெண்டும் வேல செய்யும்.”

“வேண்டாம் நானா. இந்த வீட்டில சத்தம் தேவையில்லை.”

மூன்று வயது மகள் மேசையடியில் வந்து நின்றாள். பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டாள். ஸ்பீக்கரை அம்மா அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டாளாம்.

ராசிக்குக்கு மனம் கசந்தது. தகப்பனும் பக்கத்தில் இல்லை. இந்தப் பிள்ளைக்கு ஒரு பாட்டுக்கூடவா கூடாது? என்ன தாய் இவள் என்று நினைத்தான்.

ஜெகதீஸ்வரி தேநீர் ஊற்றக் குசினிக்குள் போனாள். அவன் கார்டை ஐந்தாம் இலக்கத்துக்கு மாற்றினான். சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் பையில் கொண்டுதிரியும் சின்ன ஸ்பீக்கரைப் பொருத்தினான். பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டான்.

கம்பியூட்டர் தொடங்கும்போது வழமையாகக் கேட்கும் இசை வரவில்லை. ஓர் ஆணின் குரல் வந்தது.

“செல்லம், அப்பா வந்திட்டன். கதவைத் திறவுங்கோ.”

பிள்ளை முன்கதவுக்கு ஓடினாள். கைக்கு எட்டாத கொண்டியைப் பிடிக்க எம்பி எம்பிக் குதித்தாள்.

ஜெகதீஸ்வரி குசினி வாசலில் நின்றாள். 

“அவர் விளையாட்டுக்குப் பதிஞ்சு வைச்சது, நானா. அழிக்க எனக்கு மனம் வரேல்லை,” என்றாள். “ஆனா இந்தக் குரல் கேக்கிற நேரமெல்லாம் இவள் கதவடிக்கு ஓடுறாள். பிறகு அங்கயிருந்து கூட்டிக்கொண்டு வரேலாது.”

ராசிக் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினான். கம்பியூட்டரை நிறுத்தினான். கார்டைக் கழற்றி, ஒரு கடதாசியில் சுற்றி, அவள் கையில் கொடுத்தான்.

“பத்திரமா வைங்க தங்கச்சி,” என்றான். ‘வந்தால்’ என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. “அவர் வந்த அண்டைக்கே நான் வந்து கார்டத் திரும்பப் பூட்டித் தாறேன்.”