அரிதாரத்தின் கடைசி வணக்கம்

முன்வரிசையில் நான், என் மனைவி மங்கையர்க்கரசி, மருமகள் திலோத்தமை. மேடையில் என் மகன் பரிமேலழகன்; அவன் இறந்து மூன்று ஆண்டுகளாகின்றன.

அவன் தொடங்கிய ‘அரிதாரம்’ உடை நிறுவனத்தின் ஒவ்வொரு ஆடை அணிவகுப்புக் காட்சியும், அவன் தன் மனைவிக்கு முல்லைச்சரம் நீட்டுவதில்தான் முடியும். இப்போது, கணினியில் உருவாக்கி மேடையில் ஒளியால் நிறுத்திய அவனுடைய ஒளியுருவம் நீட்டுகிறது. குடும்பப் பெயர் நிலைக்கட்டும் என்று, அவன் உருவத்தைப் பத்தாண்டுக்குப் பயன்படுத்திக்கொள்ள நிறுவனத்துக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தவன் நான்.

“வாங்குற மாதிரி கையை நீட்டுங்க மேடம். போன தடவை அழுதீங்களே, அதேதான்,” என்றார் காட்சியை நடத்துபவர்.

திலோத்தமை எழுந்து என் பக்கம் திரும்பினாள். “மாமா, அவரைச் சாக விடுங்க.”

அதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து அரங்கம் கைதட்டியது.

அவள் மயங்கி விழுந்ததாக ஊரில் பேச்சு. எங்கள் வீட்டுப் பெண் விழவில்லை. நிமிர்ந்து நின்றுதான் கேட்டாள். தலைகுனிந்தது நான்தான்.