ஓட்டை போடும் படிப்பு

"ஓட்டை போடுறதுக்கு ஒரு படிப்பாடா?" என்று மகனிடம் எகிறினார் நாகூர் மீரான். கையிலிருந்த சுத்தியல் 'டொக்' என்று இறங்கியது.

"லேத் மெசின் வேலை வாப்பா," என்று கெஞ்சினான் ஜக்கரியா. "இரும்பைக் கடைஞ்சு, துளை போட்டு, சாமான் செய்யலாம். இன்னிக்குச் சேரலைன்னா இடம் போயிடும்."

"எவ்வளவு நாளு?"

"ரெண்டு வருஷம்."

"ஒரு ஓட்டைக்கு ரெண்டு வருஷமா! படிச்சிட்டு?"

"கவர்மெண்டு வேலை கிடைக்கும்."

"கவர்மெண்டு சொல்ற இடத்துல ஓட்டை போட்டுட்டு நிப்பே! சுங்கை பட்டாணி டவுன்ல மளிகைக்கடை முதலாளி மவன்! ஓட்டை போடுறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" டொக், டொக்.

சாமான் வாங்க வந்த அஞ்சலைக்கு, எஸ்டேட் லாரி போய்விடுமே என்ற பதற்றம்.

"சீக்கிரம் லா, பாய்! எல்லாப் பால் டின்னுலயும் ஓட்டை போட்டாச்சா? ஒண்ணு விட்டாலும், கெடாம வச்சிருந்து காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்குக் கொண்டு போறேன்னு எஸ்டேட் கேட்டுல போலீஸ் பிடிச்சுக்கும். கவர்மெண்டு ஆர்டரு, உங்க லைசென்சும் போயிடும்!"

நாகூர் மீரான் சுத்தியலைக் கீழே வைத்தார். சட்டையெல்லாம் பால்.

உள்ளேயிருந்து மனைவி ரஹ்மத்தின் குரல் வந்தது. "எங்க வாப்பா பொண்ணு குடுத்தாரே!"



"போய்ச் சேருடா," என்றார் நாகூர் மீரான். "நீயாவது சம்பளத்துக்குப் போடு."