தொட்டி இருக்கட்டும்

"தொட்டியை எடுத்துட்டா, காலையில பெரியவ குளிக்கறப்போ சின்னவளுக்குப் பச்சைத் தண்ணிதான்," என்றான் ரஸ்ஸல்.

"இப்போ வர்ற பாய்லருக்குத் தொட்டியே வேண்டாம். குழாயைத் திறந்ததும் சுடச்சுட வருது. பக்கத்து வீட்டுல போட்டிருக்காங்க," என்றாள் ஹேசல்.

பாய்லர் போடுகிற நெவில் சமையலறை மேஜையில் டீயோடு உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் நவம்பர் குளிர் எலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பழைய பாய்லர் போன வாரமே மண்டையைப் போட்டுவிட்டது. பெண்கள் இரண்டு பேரும் கெட்டிலில் சுடவைத்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். இன்றைக்கே முடிவு சொன்னால் வியாழக்கிழமை மாட்டிவிடலாம். தவறினால் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் அவனுக்கு நேரம்.

ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை. பாய்லர் விஷயத்தில் அடித்துக்கொள்ளாத தம்பதியை அவன் இதுவரை பார்த்ததில்லை. நடுவில் போனால் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

ரஸ்ஸல் அவனை மாடிக்குக் கூட்டிப்போய் அலமாரிக்குள் இருந்த வெந்நீர்த் தொட்டியைக் காட்டினான். சின்னவள் பிறந்த வருஷம் தரைப்பலகைகளைப் பெயர்த்து எல்லாக் குழாயையும் தானே பதித்ததாகச் சொன்னான். எந்த அறை சூடேறத் தாமதமாகும் என்பது வரைக்கும் அவனுக்கு அத்துப்படி. ஹேசல் பின்னாலேயே ஏறி வந்தாள். அந்த அலமாரி காலியானால் பெண்களின் துணிமணிகளை வைக்கலாம் என்பது அவள் கணக்கு.

"துணியை எங்க வேணாலும் வைக்கலாம். தொட்டி இங்கதான் நிக்கும்," என்றான் ரஸ்ஸல்.

"நீ எப்பவும் இப்படித்தான். முடிவு பண்ணிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பே."

விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஹேசல் நெவில் பக்கம் திரும்பி, உள்ளதைச் சொல்லும்படி கேட்டாள். வேறு வழியில்லாமல் அவன் குழாயைத் திறந்து பார்த்தான். அந்தத் தெருவில் தண்ணீர் மந்தமாகத்தான் வந்தது. தொட்டி இல்லாவிட்டால், கீழே ஒருவர் பாத்திரம் கழுவும்போது மேலே குளிப்பவர் நடுங்க வேண்டியதுதான் என்றான்.

ஹேசல் பெருமூச்சு விட்டாள்.

"சரி, தொட்டி இருக்கட்டும். துணி வைக்க வேற அலமாரி நீதான் அடிச்சுத் தரணும்."

"ஞாயித்துக்கிழமை அடிச்சுத் தர்றேன்," என்றான் ரஸ்ஸல்.

நெவிலுக்கு உயிர் வந்தது. சண்டை போட்டாலும் இவ்வளவு அக்கறையுள்ள மனுஷன் வாய்க்க இந்தம்மா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். பாக்கி ஒன்றுதான். காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும் என்று கேட்டான். பெண்கள் எழுந்திருப்பது ஆறரைக்கு என்றாள் ஹேசல்.

"அஞ்சுக்கே வச்சிடு தம்பி," என்றான் ரஸ்ஸல். "ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் ஓட்டிட்டு, விடியக்காலம் விறைச்சுப் போய் வர்ற மனுஷன். வந்ததும் உடம்புல நாலு சொம்பு வெந்நீர் விழ வேண்டாமா?"

ஹேசல் அவனையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஆம்புலன்ஸ்லயா சார் வேலை? கஷ்டமான வேலைதான்," என்றான் நெவில்.

"எனக்கில்லப்பா. நான் இந்த வீட்டை விட்டுப் போயி ஆறு வருஷமாச்சு," என்ற ரஸ்ஸல் வாசலுக்குப் போகப் படியிறங்கினான். "வெந்நீர் கேட்டது ஹேசலோட வீட்டுக்காரருக்கு."