படிக்கட்டில் ஒரு வாள்

"அந்த வாளை எடுங்க," என்றாள் தங்கம்.

அழகர்சாமி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதமாக அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளித்தவள் அவள். ஜப்பான் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய வாள் பயிற்சியில் இவர் சேர்ந்தபோது வீட்டில் பெரிய ரகளையே நடந்தது. "ஆபீஸ் கிளார்க்குக்கு எதுக்குங்க கத்திச் சண்டை? வாரா வாரம் முட்டி வீங்கி வந்து நிக்கிறீங்க. எண்ணெய் தேய்ச்சே என் கை தேஞ்சு போச்சு!"

போன வாரம் அந்த இன்ஜினியர் விடுமுறையில் ஊருக்குப் போனார். தன் வாளை இவரிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அன்று 1984 நவம்பர் முதல் தேதி. முந்தைய நாள் பிரதமர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தெருத்தெருவாகச் சீக்கியர்களைத் தேடிக் கும்பல் அலைந்தது. தலைநகரின் கரோல் பாக் வீடுகளுக்கு மேலே கரும்புகை.

கீழ்வீட்டு குர்பச்சன் சிங்கும் அவருடைய இரண்டு பெண்களும் இவர்கள் குளியலறையில் ஒளிந்திருந்தார்கள். போன் இருப்பது மூலை மருந்துக்கடையில். அதுவரை போக வழியில்லை.

கீழே கதவு உடைந்தது. "இங்கே காணோம், மேலே பாரு!" என்று எவனோ இந்தியில் கத்தினான். மண்ணெண்ணெய் நெடி மாடிக்கு ஏறியது.

"ஏறி வாராய்ங்க! நம்ம கதவு ரெண்டு உதை தாங்காதுங்க!" தங்கத்தின் குரல் உடைந்தது. "ரெண்டும் பொட்டப் புள்ளைக. ஏதாச்சும் செய்ங்க!"

லுங்கிமேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டில் வாளை உறையோடு செருகிக்கொண்டு அழகர்சாமி வெளியே வந்தார். "தாழ்ப்பாளைப் போடு," என்று கதவைச் சாத்தினார்.

குறுகலான படிக்கட்டு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற முடியும். அவர் மேல்படியில் மண்டியிட்டு, குதிகால்மேல் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தது. இடது கை உறையைப் பற்றியது. வலது கை தொடைமேல் அசையாமல் இருந்தது.

முன்னால் வந்தவன் கையில் இரும்புத் தடி. பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டான். பின்னால் இருபது பேர் நெருக்கினார்கள்.

"ஏய் மதராஸி, சர்தாரை வெளியே அனுப்பு. உன்னை ஒண்ணும் செய்ய மாட்டோம்."

அழகர்சாமியின் மூச்சு நிதானமாகப் போய் வந்தது. பிறகு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுவதுபோல இந்தியில் சொன்னார்: "வாங்க. ஒவ்வொருத்தரா வாங்க. முதல்ல யாரு?"

"போடா, போ!" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். தடிக்காரன் படிக்கட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். ஒரு படிகூட ஏறவில்லை.

அழகர்சாமி ஒரு முழங்காலை மெல்ல உயர்த்தி, தலை ஆடாமல், அவன் கண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல் எழுந்தார். அவ்வளவுதான். தடிக்காரன் மற்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினான். "இங்கே யாரும் இல்லை, அடுத்த சந்துக்குப் போங்க!" என்று கத்திக்கொண்டே போனான்.

அடுத்த சந்தில் ஓலம் எழுந்தது. அழகர்சாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அன்று முழுதும், மறுநாளும் அவர் அந்தப் படியைவிட்டு நகரவில்லை. இன்னும் இரண்டு கும்பல் வந்தது, அண்ணாந்து பார்த்தது, போனது. ராணுவ லாரி சந்து முனையில் வந்து நின்ற பிறகுதான் உள்ளே வந்து சுவரோடு சரிந்தார்.

குர்பச்சன் சிங் ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பாபுஜி, அவங்க ஏறி வந்திருந்தா எத்தனை பேரை வெட்டிச் சாய்ச்சிருப்பீங்க?"

அழகர்சாமி மனைவி பக்கம் திரும்பித் தமிழில் முணுமுணுத்தார்.

"அவருகிட்ட சொல்லிடாத தங்கம்... எட்டு மாசமா உட்கார்ந்து எந்திரிக்கத்தான் பழகினேன். வாளை உருவ எனக்கு இன்னும் சொல்லித் தரலை."